மறதி மேடம்

மறதி மேடம் என்று அவருக்குப் பெயர் வைத்தது எங்கள் கம்பெனி வாட்ச்மேன். முதல் நாள் காலையில் கேட்டில் நோட்டில் கையெழுத்துப் போடும்போது, "அண்ணா, நீங்க எத்தினி மணிக்கு டூட்டிக்கு வந்தீங்க?" என்று அவரிடம் கேட்டிருக்கிறார் மேடம். "காலையில ஆறு மணிக்கும்மா." மேடம் குடையைச் சுவரோரம் சாய்த்து வைத்தார், செருப்பில் மாட்டியிருந்த கல்லைத் தட்டினார், பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தார். பிறகு, "மறந்துட்டேங்கண்ணா. எத்தினி மணின்னு சொன்னீங்க?" என்றார். "நேத்து காலையில வந்ததும்மா. மாத்து ஆளு லீவு" என்று வாட்ச்மேன் வாயிலிருந்து வந்துவிட்டது. ஒரே கேள்விக்குத் தான் இரண்டு பதில் சொன்னதை அவர் கவனிக்கவே இல்லை. உள்ளே வந்து என்னிடம், "சார், ஆபீஸுக்கு ஒரு மேடம் வந்துகீறாங்க. நல்ல மாதிரிதான். மறதிதான் ஜாஸ்தி, பாவம்" என்றார்.

மதியத்துக்குள் அந்தப் பெயர் கேண்டீன் வரைக்கும் போய்விட்டது. அவருடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. இன்னும் அதே வேலையில்தான் இருக்கிறார். என்னால் அவருக்கு இன்னொரு இடைஞ்சல் வேண்டாம்.

நான் அப்போது திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் இருக்கிற ஒரு ஷூ கம்பெனியில் எச்.ஆர். அசிஸ்டென்ட். தையல் லைன்களில் வேலை பார்ப்பவர்கள் முக்கால்வாசிப் பேர் பெண்கள். சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவார்கள். எங்கள் ஷூவை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி அதுவரை ஷூவை மட்டும்தான் சோதித்துக்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு வருஷம், இங்கே வேலை பார்ப்பதால் இந்தப் பெண்களின் வீடும் ஊரும் என்ன ஆகியிருக்கிறது என்று அளந்து சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டார்கள். ஒரு முதலாளி தன் தொழிலாளிகளின் வாழ்க்கையில் எவ்வளவு நல்லது செய்திருக்கிறார், எவ்வளவு கெட்டது செய்திருக்கிறார் என்று எண்ணில் வேண்டுமாம். அதற்குச் சென்னையில் ஒரு ஏஜென்சியைப் பிடித்தார்கள். ஏஜென்சி இவரை அனுப்பியது.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "அந்தம்மா கூடவே இருப்பா. லிஸ்ட்ல இருக்கறவங்ககிட்ட பேசட்டும். லிஸ்ட்டுக்கு வெளிய போனா எனக்கு ஒரு போன் அடி." மேனேஜர் கெட்டவர் இல்லை. தீபாவளிக்கு வாட்ச்மேனுக்குத் தன் கையால் சட்டை எடுத்துக் கொடுப்பார். ஷிப்மெண்ட் தேதி நெருங்கினால் மட்டும் அவருக்கு மனிதர்கள் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள்.

மேடத்துக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். விழுப்புரத்தில் வீடு. காலை பாசஞ்சர் ரயிலில் திண்டிவனம் வந்து அங்கிருந்து எங்கள் பஸ்ஸில் ஏறிக்கொள்வார். புடவைக்கு மேல் ஆம்பளை முழுக்கைச் சட்டை ஒன்றை வெயிலுக்காகப் போட்டிருப்பார். ஆபீஸ் வாசலில் அதைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். பையில், பதில்களைத் தட்டிப் பதிவு செய்ய ஏஜென்சி கொடுத்த டேப், கோடு போட்ட நீள நோட்டு ஒன்று, அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு பொட்டலம்.

அன்றைக்கு முதலில் என்னிடம் கேட்டது, "சாப்டீங்களா சார்?"

"ஆச்சு மேடம்."

லிஸ்ட்டை வாங்கிப் பார்த்தார். பேன் காற்றில் தாள் பறக்காமல் தண்ணீர் பாட்டிலை அதன் மேல் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "சாரி சார், மறந்துட்டேன். சாப்டீங்களா?" என்றார்.

"இல்லை மேடம். இனிமேதான்" என்றேன். சொன்ன பிறகுதான் நான் சாப்பிடவில்லை என்பது எனக்கே ஞாபகம் வந்தது. மல்லாட்டைப் பொட்டலத்தை என் பக்கமாகத் தள்ளி வைத்தார். அவர் முகத்தில் ஒரு குறும்பும் இல்லை, கண்டுபிடித்துவிட்ட பெருமையும் இல்லை.

கேண்டீனில் ஒரு ஓரமாக மேஜை போட்டுக் கொடுத்தோம். லிஸ்ட்டில் இருந்தவர்களை நானும் மேனேஜரும்தான் பொறுக்கி எடுத்திருந்தோம். வாய் துடுக்கு இல்லாதவர்கள், வேலையில் நிலையாக நிற்பவர்கள். ஒவ்வொருத்தியாக வந்து உட்கார்ந்தாள். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லா இருக்குது மேடம்" என்றாள். மேடம் டேப்பில் தட்டிக்கொண்டே போனார். சாப்பாடு நல்லா இருக்குதா, தண்ணீர் நல்லா இருக்குதா, சூப்பர்வைசர் மரியாதையா பேசறாரா. நல்லா இருக்குது, நல்லா இருக்குது, பேசறாரு.

முடிந்ததும் மேடம் டேப்பைக் கவிழ்த்து வைப்பார். அவளுடைய ஊரில் மழை பெய்ததா, தம்பி எந்தக் கிளாஸ் என்று பேச்சு வேறு பக்கம் போகும். நடுவில், "இரும்மா, ஒண்ணு மறந்துட்டேன். தண்ணி பத்தி என்னா சொன்னே?"

"நல்லா இருக்குதுன்னேன் மேடம்."

"இன்னிக்கு எத்தினி தடவை குடிச்சே?"

அந்தப் பெண் யோசித்தாள். "காலையில வீட்டுல குடிச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் எங்க மேடம்? குடிச்சா பாத்ரூம் போவணும். லைனுக்கு ரெண்டு அட்டைதான். அட்டைய கழுத்துல மாட்டிக்கினுதான் போவணும். போனவ வர்ற வரைக்கும் உக்காந்துக்கினு இருக்கணும். அதுக்குக் குடிக்காமலே இருந்துட்டா பேஜாரு இல்ல பாருங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் நான் பக்கத்தில் இருப்பது அவளுக்கு உறைத்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

மேடம் அதை நீள நோட்டில் எழுதினார். ஏன் டேப்பில் போடவில்லை என்று அப்புறம் கேட்டேன். "அதுல ஒரு கேள்விக்கு ஒரு பதிலுக்குத்தான் எடம் இருக்குது சார். ஒரு தடவை அனுப்பிட்டா திருத்த வுடாது" என்றார்.

மறுநாள் நான், "மேடம், நெஜமாவே மறந்துருதா உங்களுக்கு?" என்று கேட்டேன். "ஆமாம் சார், வயசாவுதுல்ல" என்றார். இதையும் இரண்டாவது தடவை கேட்டுப் பார்க்கலாமா என்று நினைத்தேன். தைரியம் வரவில்லை.

அவருடைய வீட்டுக்காரருக்கு மட்டும் இந்த வித்தை பழகிப்போயிருந்தது. தினமும் மதியம் போன் செய்வார். மேடத்தின் காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். "சாப்டீங்களா?" என்று மேடம் கேட்டதும் அந்தப் பக்கத்திலிருந்து, "சாப்ட்டேன். ரெண்டாவது தடவை கேட்டாலும் சாப்ட்டேன்தான். மாத்திரையும் போட்டுட்டேன், அதுக்கும் ரெண்டு தடவை" என்று குரல் வரும். அப்போது மட்டும் மேடம் வாய்விட்டுச் சிரிப்பார்.

மேடம் கம்பெனிமேல் குற்றம் கண்டுபிடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று சூப்பர்வைசர்கள் பேசிக்கொண்டார்கள். கூடவே இருந்து பார்த்ததால் சொல்கிறேன், அது தப்பு. மயிலம் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனோம். அங்கே ஒருத்தி சம்பளத்தைச் சேர்த்துப் பாத்ரூம் கட்டியிருந்தாள். அதை மேடம் இரண்டு தடவை கேட்டு, கதவைத் திறந்து பார்த்து, குழாயைத் திருப்பித் தண்ணீர் வருகிறதா என்று பார்த்துவிட்டு எழுதினார். இன்னொருத்தி தன் கல்யாணத்தை ரெண்டு வருஷம் தள்ளிப் போட்டிருந்தாள். "எங்கப்பா இப்பல்லாம் என்னைக் கேட்டுட்டுதான் பேசறாரு மேடம்" என்று அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டு, எனக்கு ஒரு தடவை படித்தும் காட்டினார்.

டீக்கடையில் ஒருவர் எங்களைப் பிடித்துக்கொண்டு, கம்பெனிக்காரன் அநியாயமாக என்னை நிறுத்திட்டான் என்று அரை மணி நேரம் திட்டினார். மேடம் பொறுமையாகக் கேட்டார். டீ குடித்து முடித்துவிட்டு, "அண்ணா, எதுக்கு நிறுத்தினாங்கன்னு சொன்னீங்க? மறந்துட்டேன்" என்றார். "குடிச்சிட்டுப் போயி மிஷின்ல கைய வுட்டுட்டேம்மா. பக்கத்துல இருந்த பொண்ணு கையும் போயிருக்கும்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார் அந்த மனிதர். அதையும் எழுதினார். கம்பெனிக்கு எதிரான முதல் பதிலும் அவருக்கு முதல் பதில்தான்.

லிஸ்ட் முடிந்த அன்று மேனேஜரின் ரூமுக்குப் போய், "சார், வேலைய வுட்டுட்டுப் போனவங்களையும் பாக்கணும்" என்றார்.

"அவங்க எதுக்கு மேடம்? அவங்க நம்ம தொழிலாளியே இல்லையே."

"இருக்கறவங்க எல்லாம் இருக்க முடிஞ்சவங்கதானே சார்."

மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பைலை எடுத்துக் குடுப்பா. எல்லாருமே எழுதிக் குடுத்துட்டுத்தான் போயிருக்காங்க. சொந்தக் காரணம்."

எடுத்துக் கொடுத்தேன். பைலை மேஜைமேல் வைத்துவிட்டு உடனே அங்கிருந்து போய்விட்டேன். திரும்பி வந்தபோது மேடம் கடைசித் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கடிதமும், 'தாழ்மையுடன் எழுதிக்கொள்வது, சொந்தக் காரணங்களால் என்னால் தொடர்ந்து பணிக்கு வர இயலவில்லை' என்றுதான் இருக்கும். கையெழுத்துப் போட்ட இடம் மட்டும் மாறும். சிலது கோணல்மாணலாக, சிலது பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதின மாதிரி அழகாக. மேலே உள்ள எழுத்து எல்லாவற்றிலும் ஒன்றுதான். நான் 'ழ' எழுதினால் வாலை நீட்டிச் சுழிப்பேன். வீடுகளுக்கு வழி குறித்து நான் மேடத்துக்குக் கொடுத்திருந்த சீட்டுகளிலும் அதே 'ழ'தான்.

"இதெல்லாம் யாரு எழுதனது சார்?" என்று கேட்டார்.

"அவங்கவங்க எழுதினதுதான் மேடம்."

"சரிங்க சார்" என்று முகவரிகளைக் குறித்துக்கொண்டார். அன்றைக்கு இரண்டாவது தடவை கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய பேஜாராக இருந்தது.

விஷயம் இதுதான். லைனில் ஒரு பெண் முழுகாமல் இருந்து அஞ்சு மாசம் தாண்டினால் சூப்பர்வைசர் அவளை என்னிடம் அனுப்புவார். பிரசவ லீவில் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அது மேனேஜருக்குப் பிடிக்காத சட்டம். "இப்ப எழுதிக் குடுத்துட்டுப் போம்மா. கொழந்த பொறந்து உடம்பு தேறினதும் வா. மறுபடியும் எடுத்துக்குவாங்க" என்று நான் சொல்வேன். நானே எழுதி, அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலில் ஒரு புள்ளி வைத்துக் கொடுப்பேன். முதல் ஒன்றிரண்டு பேரிடம் சொன்னபோது அது நடக்கும் என்று நானும் நம்பினேன். அப்புறம் நம்பவில்லை. ஆனாலும் சொன்னேன்.

அப்படி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர்களில் ஒருத்தி செல்வி. முகையூர் பக்கத்தில் இருந்தது அவள் வீடு. அந்தப் பெயரை மேடம் குறித்துவைத்த முகவரிகளில் பார்த்ததும் காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டுவிடலாமா என்று யோசித்தேன். வெளியாட்கள் தொழிலாளிகள் வீட்டுக்குப் போனால் எச்.ஆர். ஆள் கூடப் போக வேண்டும் என்பது கம்பெனி ரூல். வேறு ஆளும் இல்லை. கம்பெனி ஸ்டாப்பில் பஸ் ஏறினோம். முண்டியம்பாக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இறங்கியதும் உட்கார இடம் கிடைத்தது. விழுப்புரத்தில் மாறி டவுன் பஸ். வழியெல்லாம் கரும்பு. மேடம் ஜன்னலோரம் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டு வந்தார்.

செல்வி வாசலில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை. என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். "வாங்க சார். உள்ள வாங்க மேடம்" என்று உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் சேரைக் கொண்டுவந்து, புடவைத் தலைப்பால் துடைத்து எனக்குத்தான் முதலில் போட்டாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். என்மேல் கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

மேடம் பாயில் உட்கார்ந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். "எதுக்கும்மா வேலைய வுட்டே?"

"உடம்பு முடியலை மேடம். நானாத்தான் நின்னுட்டேன். சார்தான் லெட்டரு எழுதிக் குடுத்தாரு. நல்லவரு."

மேடம் டேப்பில் தட்டினார். குழந்தை டேப்பைப் பிடுங்கப் பார்த்தது. அதன் பேரைக் கேட்டார், பல் எத்தனை முளைத்திருக்கிறது என்று பார்த்தார், செல்வியின் வீட்டுக்காரர் கரும்பு வெட்டப் போயிருக்கிறார் என்று தெரிந்துகொண்டார். எனக்குத் தெரியும், வரப்போகிறது என்று. சொம்பைக் கீழே வைக்கவும் தோன்றாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

"செல்வி, நான் ஒரு மறதிக்காரி. எதுக்கு வுட்டேன்னு சொன்னே?"

செல்வி என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் பயம் இல்லை. எனக்காக யோசிக்கிற மாதிரி இருந்தது. "அதான் சாரே வந்திருக்காரே மேடம். சாரையே கேளுங்களேன்" என்றாள்.

மேடம் என் பக்கம் திரும்பினார். குரலில் மாற்றமே இல்லை. கேண்டீனில் தண்ணீரைப் பற்றிக் கேட்ட அதே குரல். "சார், மறந்துட்டேன். அந்த லெட்டருங்க யாரு எழுதனது?"

"நான்தான் மேடம்" என்றேன். "எல்லாம் நான்தான். கொழந்த பொறந்ததும் எடுத்துக்குவோம்னு சொன்னதும் நான்தான்."

பிறகு செல்விதான் ஆரம்பித்தாள், என்னைப் பார்க்காமல் குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே. "இவனுக்கு அஞ்சு மாசம் ஆனதும் தூக்கிக்கினு வந்தேன் மேடம். சாரைப் பாக்கணும்னு வாட்ச்மேன் அண்ணன்கிட்ட சொன்னேன். சார் மீட்டிங்ல இருக்காருன்னாரு. சைக்கிள் ஸ்டாண்டுல நின்னேன். மறுநாளும் வந்தேன். அப்பவும் மீட்டிங்தான்."

நான் மீட்டிங்கில் இல்லை. இரண்டு நாளும் ஜன்னலிலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வெயில் நகர நகர அவளும் குழந்தையோடு நிழல் பார்த்து நகர்ந்துகொண்டிருந்தாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது இல்லை. அப்பாடா என்று இருந்தது. இதையும் அங்கேயே சொன்னேன். யாரும் கேட்காமலே சொன்னேன்.

"தெரியும் சார்" என்றாள் செல்வி. "ஜன்னல்ல உங்க நீலச் சட்டை தெரிஞ்சுது."

திரும்பி வரும்போது விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தேன். மேடம் திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. ரயில் இப்போதெல்லாம் நேரத்துக்கு வருவதில்லை என்று பேசினார். டீ டம்ளரை வைத்துவிட்டு, "சார், நீங்களும் இந்தக் கம்பெனி தொழிலாளிதானே. உங்களுக்கும் ஒரு சர்வே பாரம் போடலாங்களா?" என்றார்.

அந்தக் கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து நான் மற்றவர்களைக் கேள்வி கேட்கும் பக்கத்திலேயே இருந்தவன். என்னை யாரும் கேட்டதில்லை. சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். வயசு, படிப்பு, குடும்பம் எல்லாம் ஆனது.

"வேலை செய்யற எடத்துல பயம் இருக்குதா சார்?"

இல்லை என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. "மேடம், ரெண்டாவது தடவை கேக்காதீங்க. இப்பவே சொல்லிடறேன்" என்றேன். சொன்னேன். ஒரு லெட்டர் எழுத மாட்டேன் என்று சொன்னால் அடுத்த லெட்டர் எனக்கு எழுதப்படும் என்ற பயம். வீட்டில் என்ன வேலை என்று கேட்டால் ஆபீஸ் வேலை என்று மட்டும் சொல்லி வைத்திருப்பது. முழுகாமல் இருக்கிற பெண் யாராவது ஆபீஸ் கதவைத் தள்ளினால் பேனாவை ஒளித்து வைக்கத் தோன்றுவது. உண்மையான பதிலை மேடம் முதல் தடவையாக நோட்டில் எழுதாமல் டேப்பிலேயே தட்டினார்.

முடித்துவிட்டு, "இதைப் போட்டா உங்களுக்குச் சங்கடம் வரும் சார். பேரு வராது. ஆனா உங்க கையெழுத்து அந்த பைல்ல இருக்குது. வேணாம்னா சொல்லுங்க. செல்வி சொன்னதை மட்டும் போட்டுக்கறேன்" என்றார்.

ரெண்டு நாள் டைம் கேட்டேன். அந்த ரெண்டு நாளில் அவர் என்னிடம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் நானே போய், "போடுங்க மேடம்" என்றேன். "சரிங்க சார்" என்றார். நான் அடுத்ததற்காகக் காத்திருந்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

ஒரு மாசம் கழித்து மீட்டிங். ஷூ வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் சென்னை ஆபீஸிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். ஏஜென்சி ஆள் டேப்பில் இருந்த பதில்களையெல்லாம் கலர் கலராகப் படம் போட்டுக் காட்டினார். தண்ணீர் நல்லா இருக்கிறது, சாப்பாடு நல்லா இருக்கிறது, எல்லாமே பச்சை. என்னுடைய பாரம் அத்தனை பதில்களுக்கு நடுவில் எங்கேயோ கரைந்துபோயிருந்தது. மேனேஜர் எல்லாருக்கும் முந்திரி பிஸ்கட் தட்டை நகர்த்தினார்.

மேடம் பின்வரிசையில் இருந்து எழுந்தார். "நான் ஒண்ணு சொல்லலாங்களா? இதுல இருக்கறது மொத பதிலு. ரெண்டாவது பதிலு இந்த நோட்டுல இருக்குது. ரெண்டையும் சேத்து வெச்சாதான் அளவு சரியா வரும்."

ஏஜென்சி ஆள் முறைத்தார். சென்னை அம்மா, படிங்க என்றார். மேடம் படித்தார். யார் பேரும் சொல்லவில்லை. பாத்ரூம் கட்டியதையும் படித்தார், பாத்ரூம் அட்டையையும் படித்தார். அப்பா மகளிடம் கேட்டுப் பேசுவதையும் படித்தார். வேலையை விட்டுப் போனவர்கள் பக்கம் வந்ததும், "லெட்டருங்க எல்லாம் ஒரே கையெழுத்துல இருக்குது" என்று மட்டும் சொல்லி நிறுத்தினார்.

"அதெல்லாம் அவங்களா எழுதினது" என்றார் மேனேஜர்.

மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை. மேஜைமேல் இருந்த பிஸ்கட் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு தடவை என்னைப் பார்த்திருந்தால் போதும், அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அவர் பார்க்காததால்தான் எனக்கு எழுந்து நிற்க முடிந்தது என்று இப்போது தோன்றுகிறது. "அது என் கையெழுத்து" என்றேன்.

அப்புறம் நடந்தது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. பளபளப்புத் தாளில் அச்சடித்த அறிக்கை வந்தது. சிரிக்கிற பெண்களின் படங்கள். கடைசிக்கு முந்தின பக்கத்தில், பணி விலகல் நடைமுறையைச் சரிசெய்ய வேண்டும் என்று ஒரே வரி. ஆனால் அந்த ஒரு வரிக்கு வாங்குகிறவர்கள் பதில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பாத்ரூம் அட்டைகள் போயின. பழைய பேக்கிங் ரூமில் தூளி கட்டி ஒரு ஆயாவைப் போட்டார்கள். எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பெண்களை மறுபடி கூப்பிடச் சொன்னார்கள். மேனேஜர் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அந்த நேரத்தில் நிறுத்த முடியாது. ஸ்டோருக்கு மாற்றினார். ஒரு வருஷம் வரைக்கும் என் குட்மார்னிங்குக்குப் பதில் சொல்லவில்லை.

மேடத்தை அந்த ஏஜென்சி அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. அவருடைய வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மேடம் சொல்லவில்லை.

செல்வி திரும்பி வந்த அன்று மதியம் நான் மேடத்துக்குப் போன் செய்தேன். செஞ்சிப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்தில் வேறு ஒரு கணக்கெடுப்பில் இருந்தார். பின்னால் ஆடு கத்தியது. "மேடம், செல்வி வந்துட்டாங்க. கொழந்தையத் தூளியில வுட்டுட்டு லைன்ல உக்காந்துட்டாங்க" என்றேன். அவரிடம் சொல்ல வேண்டும் என்று இன்னும் நிறைய வைத்திருந்தேன். மன்னிப்பும் நன்றியும் கலந்த மாதிரி என்னவோ.

"சந்தோசம் சார். யாரு யாரு வரலை?"

"ரெண்டு பேரு பெங்களூரு போயிட்டாங்களாம். பிரம்மதேசத்துல சுமதின்னு ஒருத்தவங்க, வரமாட்டேன்னு சொல்லிட்டாங்க."

"ஏன் வரலையாம்?"

"தெரியலை மேடம். போன்ல அவ்ளோதான் சொன்னாங்க."

"ஓ" என்றார். பிறகு, "வெக்கட்டுங்களா சார்? இங்க ஒரு அம்மா பேசிக்கினு இருந்தாங்க, பாதியில வுட்டுட்டு வந்துட்டேன்" என்று வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பிரம்மதேசத்துக்குப் பஸ் ஏறினேன். ரூல்படி நான் போக வேண்டியதில்லை. நான் இப்போது ஸ்டோர் ஆள். கோயில் தாண்டி மூன்றாவது தெருவில் வீடு. சுமதி கிரில் கதவுக்கு உள்ளே வந்து நின்றாள். என்னை அடையாளம் தெரிந்தது. உள்ளே கூப்பிடவில்லை, தண்ணீரும் கொடுக்கவில்லை. கதவையும் திறக்கவில்லை.

"எதுக்கு வந்தீங்க?" என்றாள்.

"நீங்க ஏன் வரலைன்னு கேட்டுட்டுப் போலாம்னு."

"கேட்டு என்னா பண்ணப்போறீங்க?"

"தெரியலை" என்றேன். அது உண்மை.

உள்ளே குக்கர் விசிலடித்தது, யாரோ அடுப்பை அணைத்தார்கள். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு, முழுகாமல் இருந்த அஞ்சாம் மாசத்தில் ஒரு நாள் லைனில் தனக்கு என்ன நடந்தது என்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். வெயில் நேராக முகத்தில் அடித்தது. பையிலிருந்து கோடு போட்ட நீள நோட்டு ஒன்றை எடுத்து, நின்றபடியே எழுதிக்கொண்டேன்.